சார்ஜ் இறங்குகிற நேரம்

ப்ளக்கைப் பிடுங்கி, அதன் மூன்று கால்களும் கண்ணுக்குத் தெரியும்படி மேஜைமேல் எடுத்து வைத்தாயிற்று. மணி பத்து பத்து. பத்து இருபத்தைந்து வரை அந்தப் பெட்டியை யாரும் தொடக்கூடாது. இது இன்னாசி தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். வேறு எந்தச் சட்டத்துக்கும் அவர் இவ்வளவு பயந்ததில்லை. மரப்பெட்டிக்குள் ஏணிப்படி மாதிரி ஏறிப்போகும் இருபத்திரண்டு டையோடு, இருபத்திரண்டு கண்டன்சர். வீட்டுக் கரண்ட் கீழே நுழைந்து மேலே போய்ச் சேரும்போது ஏழாயிரம் வோல்ட்டாகிவிடும். முகப்பில் வரிசையாக நட்ட ஒன்பது தையல் ஊசிகளின் முனையில் அது கசிந்து, காற்றில் மிதக்கும் தூசிக்கு ஒரு தள்ளு கொடுத்து எங்கேயாவது போய் உட்காரச் செய்யும். காற்று சுத்தமாகும். மூன்று மாதமாக இன்னாசி பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், டீக்கடைக்காரரையும் விடவில்லை. பதினோரு மணிக்கு மகள் ஜெனிட்டா ஐந்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரம்பூரிலிருந்து வருகிறாள், முதல் தடவையாக. அதற்குள் ஊசிகளைத் துடைத்து வைக்க வேண்டும் என்றுதான் சுவர்ப் பலகையிலிருந்து பெட்டியை மேஜைக்கு இறக்கி மூடியைத் திறந்தார். திறந்ததும் முகம் சுளித்துக்கொண்டது. ஒவ்வொரு ஊசிக்கும் கறுப்பாகத் தாடி முளைத்திருந்தது. வெறும் தூசி என்று சொல்லிவிட முடியாது, எண்ணெய்ப் பிசுக்கோடு, ஈரமும் இல்லாத காய்ந்ததும் இல்லாத ஒன்று. மூன்றாவது ஊசியில் ஒரு கரப்பான்பூச்சி, கருகி, ஒரு கால் மட்டும் மிச்சமாக. சூட்டைத் தேடி வந்திருக்கும், சனியன். அதைப் பார்த்துவிட்டு எச்சிலை விழுங்க முடியாமல் ஜன்னலண்டை போய்த் துப்பினார். துப்பியதைப் பார்த்திருக்க வேண்டாம். அதிலும் கறுப்பு.

பதினைந்து நிமிஷம். உள்ளே சார்ஜை வடிக்கவென்றே ஒரு ரெசிஸ்டர் போட்டுத்தான் இருக்கிறது, ஒரு நிமிஷத்தில் எல்லாம் இறங்கிவிட வேண்டும், கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் மனுஷனை நம்பினாலும் நம்பலாம், ரெசிஸ்டரை நம்பக்கூடாது என்று கடையில் அவர் சொல்வதுண்டு. இன்னாசி டி.வி. சர்வீஸ், முப்பத்தொரு வருஷம். அந்தக் காலத்துப் பெட்டிகளில் பிக்சர் ட்யூப் என்று ஒன்று இருந்ததே, அது ப்ளக்கைப் பிடுங்கிய மறுநாளும் கடிக்கும். ஒரு வாத்தியார் வீட்டில், மத்தியானம், முந்தின நாளே அணைத்து வைத்த செட்தானே என்று கையை உள்ளே விட்டார். தோள்வரை ஓர் அறை. கை தானாகப் பின்னால் பறந்து சுவரில் மோதி முட்டி கிழிந்தது, அந்த வீட்டு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வலியைவிட அந்தச் சிரிப்புதான் இன்றைக்கும் எரிகிறது. அன்றையிலிருந்து இடது கை முதுகுக்குப் பின்னால், வலது கையால் மட்டும் வேலை, இரண்டு கையும் உள்ளே போனால் கரண்டு ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும், நடுவில் இருப்பது நெஞ்சு. காலுக்குக் கீழே ரப்பர் பாய். கைப்பிடி நீளமான பிளாஸ்டிக் குழாய், அதன் நுனியில் கம்பி, கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர், அதை வைத்து ஒவ்வொரு படியாகத் தொட்டு மிச்சம் மீதியை இறக்க வேண்டும், ஒரு தடவை தொட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை தொட்டு, பிறகு எர்த் ஒயரின் கிளிப்பை அங்கேயே மாட்டி விட்டுவிட வேண்டும், ஏனென்றால் இறங்கின கண்டன்சர் சும்மா கிடக்கையில் தானாகக் கொஞ்சம் ஏறிக்கொள்ளும். குடிகாரனைப் போல. திருந்திவிட்டான் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தால் மறுபடியும் ஏற்றிக்கொண்டு நிற்பான். மணி பத்து பன்னிரண்டுதான் ஆகியிருந்தது. இந்த அறையில் முள் நகர்வதே இல்லை.

அடுப்படியில் மனைவி செலின் எதையோ வதக்கிக்கொண்டிருந்தாள். வெங்காய வாசனையோடு அந்த இன்னொரு வாசனையும் வந்து கலந்தது. ஜன்னலைத் திறந்தால் வருகிற வாசனை, மூடினாலும் வருகிற வாசனை, நனைந்த கரியும் கந்தகமும் எங்கேயோ செத்த மீனும். ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் நிலக்கரிக் கிடங்கு. இன்னாசி இந்த மனையை வாங்கியபோது அங்கே நாணல்தான் இருந்தது, கொக்கு நின்றது. வீடு கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து, ஒன்றரை வருஷத்தில் முதல் வேகன் வந்தது. இப்போது பாலைக் காய்ச்சி ஆறவைத்தால் ஆடைமேல் கறுப்புப் புள்ளி. வெள்ளைச் சட்டை காயப்போட்டால் சாம்பல் சட்டை கிடைக்கும். வேதாகமத்தைப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் கட்டைவிரல் அச்சு. காலையில் மூக்கைச் சிந்தினால், சீ, அதை நினைக்கவே வேண்டாம். கைக்குட்டையை மடித்து மடித்து ஒளித்து வைத்துக்கொண்டு திரிகிற பிழைப்பு. யாரோ ஒருவன் அறைக்குள் வந்து தன் நெஞ்சுச் சளியைத் தினமும் இவர் வாயில் துப்பிவிட்டுப் போகிற மாதிரி ஓர் அருவருப்பு. கிடங்குக்காரனைத் திட்டிப் பார்த்தார், மனு கொடுத்துப் பார்த்தார், ஊர்க்காரர்களோடு போய் வெயிலில் உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் தன்னைத்தான் திட்ட வேண்டியிருந்தது, வீட்டை விற்கவும் மனசில்லை, வாங்கவும் ஆளில்லை. ஜெனிட்டா பிரசவத்துக்கு இங்கே வரவில்லை. பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வராமல் மாமியார் வீட்டிலேயே இருந்துவிட்டாள், சொந்தக்காரர்களெல்லாம் என்ன சண்டை என்று கேட்டார்கள். சண்டை ஒன்றுமில்லை. குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே இளைப்பு, மூச்சு விடும்போது விலா உள்ளே போகும். ஞானஸ்நானத்தன்று கோயில் வாசலில் வைத்து, எல்லோர் எதிரிலும், “அந்த வீட்டுக்கு எம் புள்ளையத் தூக்கிட்டு வரமாட்டேன்ப்பா. கோச்சுக்காத. நானே அங்க இருபது வருஷம் இருமிக்கிட்டு வளந்தவதான்” என்றாள். இருபது வருஷம். இவருக்கு அது அதுவரை கணக்கிலேயே வரவில்லை. பெண் இருமுவாள், சிரப் வாங்கிக் கொடுப்பார், அவ்வளவுதானே. அன்றைக்கு ராத்திரியே பழைய கடைச் சாமான் மூட்டையை அவிழ்த்து டையோடுகளைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்.

“ஏங்க, மணி எத்தினி?” என்றாள் செலின் அடுப்படியிலிருந்து.

“பத்து பதினாறு. இந்தப் பக்கம் வராதே. பெட்டி திறந்திருக்கு.”

“நான் எதுக்கு வர்றேன். உங்க பெட்டியும் நீங்களும்.”

அவள் குரலில் பண்டிகை இருந்தது. விடிந்ததிலிருந்து பாட்டாகவே பேசுகிறாள். நேற்றே கொக்கியில் தூளி கட்டியாயிற்று, அவளுடைய மஞ்சள் வாயில் புடவை, நாலு தடவை துவைத்து மெத்தென்று ஆக்கியது, பெட்டி வைக்கும் பலகைக்கு நேர் கீழே, காற்று அங்கேதான் ரொம்பச் சுத்தமாக இருக்கும் என்று இவரே இடம் காட்டினார். சரி, சுத்தம். எதை வைத்துச் சுத்தம் என்கிறாய் என்று உள்ளுக்குள் யாரோ கேட்டார்கள், வாத்தியார் வீட்டு அம்மாளாக இருக்கலாம். வாசனையை வைத்து. பெட்டி ஓடினால் ஒரு வாசனை வரும், இடி இடித்த பிறகு வருமே, கொஞ்சம் கூர்மையாக, மூக்கின் மேல்பாதியில் மட்டும் ஏறுகிற மாதிரி. அந்த வாசனை வந்ததும் நெஞ்சு விரியும். ஆனால் இன்னாசி, இந்த வாசனையைக் கடையில் மோந்தபோது நீ என்ன சொன்னாய்? செட்டின் பின் மூடியைக் கழற்றுவாய், மோப்பம் பிடிப்பாய், “ஈ.எச்.டி. லீக்குங்க, ஹை வோல்ட்டேஜ் கசியுது, மாத்தியாகணும், இதை மோந்துக்கிட்டு பக்கத்துல உக்காந்து படம் பாக்காதீங்க, நெஞ்சு காறும்” என்பாய். முப்பத்தொரு வருஷம் கோளாறுக்குப் பேர் அந்த வாசனை. இப்போது பெட்டி உன்னுடையது என்றதும் அது சுத்தமான காற்றின் வாசனை ஆகிவிட்டதா? ஓசோன். இந்தப் பேரைத் தெரியாதவனா நீ? இளைப்புக்காரப் பிள்ளை. விலா உள்ளே போகிற பிள்ளை. அதுக்கு இடி வாசனை காட்டப்போகிறாயா? இல்லை, இல்லை, ஊசியில் பிசுக்கு ஏறியதால்தான் கசிவு அதிகம், துடைத்துவிட்டால் வாசனை நின்றுவிடும், ஊசி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினால் போதும். துடைக்கத்தானே போகிறேன். வாசனை ஒரு பக்கம் இருக்கட்டும். சுவர் இருக்கிறதே, சுவர். தூசியைத் தள்ளினால் அது போய் ஒட்ட வேண்டிய இடம் பக்கத்துச் சுவர். இந்த மாதிரிப் பெட்டி செய்த எல்லோரும் சுவர் கறுக்கிறது என்றுதான் புலம்புகிறார்கள். நம் சுவர் பார், மூன்று மாதமாகச் சுண்ணாம்பு அடித்த மாதிரி. அப்படியென்றால் தூசி அவ்வளவு கம்மி, அல்லது கீழேயே உட்கார்ந்துவிடுகிறது. இந்தச் சுவரைக் காட்டித்தான் போனில் பெண்ணிடம் பெருமை அடித்தார், போட்டோகூட அனுப்பினார். அதைப் பார்த்துத்தான் அவள் வருகிறேன் என்றாள். பத்து பத்தொன்பது. ஆனால் ஊசியில் தாடி. ஊசியில் இவ்வளவு தாடி இருந்தால் சுவரில் மீசையாவது இருக்க வேண்டாமா? இந்த இடத்தில் அவர் எண்ணம் ஒரு தடவை சிக்கியது. விடுவித்துக்கொண்டு நகர்ந்தார். மறுபடி வந்து அங்கேயே சிக்கியது.

கழுத்து கடுத்தது. முப்பத்தொரு வருஷம் செட்டுக்குள் குனிந்து தேய்ந்துபோன எலும்பு, டாக்டர் பட்டை போடச் சொல்லியிருக்கிறார், அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றும், ஆகவே இன்னாசி ஒட்டடை அடிப்பதில்லை, பல்பு மாற்றுவதில்லை, நட்சத்திரம் பார்ப்பதில்லை. கட்டிலின் தலைமாடும் அந்தச் சுவரை ஒட்டித்தான், படுத்தால் அது தலைக்குப் பின்னால் போய்விடும். இப்போது நாற்காலியில் சரிந்து, தலையை மெதுவாகப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணை மூடி, ஒன்று இரண்டு என்று எண்ணி, கண்ணைத் திறந்தார். பலகைக்கு மேலே, அவர் எழுந்து நின்றாலும் தலைக்கு இரண்டு சாண் உயரத்தில், சுவர் கறுப்பாக இருந்தது. புகை என்றோ அழுக்கு என்றோ சொல்லிவிட்டுப் போக முடியாத கறுப்பு. உள்ளே மயிர் முளைத்த கறுப்பு. கீழே மட்டும் வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் கோடு நேராக இல்லை, வளைவு வளைவாக, ஈரத்துணி போன போக்கில், ஒவ்வொரு வளைவும் ஓர் உயரத்தில் வந்து தொய்ந்து முடிந்தது. அந்த உயரம் அவருக்குத் தெரியும். கொடியில் துணி போடும்போது, பரணிலிருந்து டப்பா எடுக்கும்போது, முப்பத்துமூன்று வருஷமாகப் பார்க்கிற உயரம். செலின் நுனிக்காலில் நின்று கையை நீட்டினால் எட்டுகிற உயரம். தலை சுற்றியது. கழுத்தா, இதுவா என்று தெரியவில்லை. எழுந்து போய்த் தூளியைத் தொட்டார். நேற்று மாலை கட்டியது, ராத்திரி முழுக்கப் பெட்டி மேலே ஓடியது. கட்டைவிரலை மஞ்சள் துணியில் ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். விரல் போன இடத்தில் மஞ்சள், போகாத இடத்தில் சாம்பல். விரல் நுனியில் பிசுக்கு. பெட்டி தூசியைப் பிடிக்கவுமில்லை, விரட்டவுமில்லை. பக்கத்தில் எது இருக்கிறதோ அதன்மேல் ஒட்டவைத்திருக்கிறது. சுவர் இருந்தால் சுவர்மேல். துணி இருந்தால் துணிமேல். கன்னம் இருந்தால், உதடு இருந்தால், பால் காய்ந்த உதடு. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“செலின்.”

கரண்டியோடு வந்தாள். அவர் அண்ணாந்திருப்பதைப் பார்த்தாள். அவர் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“அதுக்கு மேல எட்டல,” என்றாள். “ஸ்டூல் போட்டா சத்தம் கேக்கும்னு வுட்டுட்டேன்.”

“எப்பேர்ந்து?”

“மொத வாரத்துலேர்ந்து. நீங்க டீ குடிக்கப் போவீங்க இல்ல, அப்ப. தலகாணி உறையும் தினம் மாத்திடுவேன். தலை வச்ச எடம் வெள்ளையா, சுத்திக் கறுப்பா, அப்பிடியே உங்க மண்டை கணக்கா இருக்கும். பாத்தா பயமா இருக்கும்.” கொஞ்சம் நிறுத்தி, “மூஞ்சியகூடத் தொடைச்சிருக்கேன். நீங்க தூங்கறப்ப. மூக்கோரமா,” என்றாள்.

மூன்று மாதமாகத் தன் முகத்தை ஒருத்தி சுவரைப் போலத் துடைத்திருக்கிறாள், அவர் எழுந்து கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்து இயந்திரத்தை மெச்சியிருக்கிறார். தன்மேலேயே வந்த அருவருப்பை அவள்மேல் எறியப் பார்த்தார், கை வரவில்லை. “ஏன் சொல்லல?” என்று மட்டும் கேட்டார்.

“சொன்னா நிறுத்திடுவீங்க. நிறுத்திட்டா அவ வரமாட்டா.” செலின் கண்ணை இமைக்காமல் பார்த்தாள். “எனக்குப் புள்ளைய இந்த வீட்ல ஒரு நாள் வச்சுப் பாக்கணும்ங்க. ஒரே ஒரு நாள். ஒரு நாள்ல என்னா ஆயிடும்னு நெனச்சேன்.” சொன்ன பிறகு தூளியில் அவர் விரல் இழுத்த கோட்டைப் பார்த்தாள்.

மேஜைமேல் போன் அடித்தது. இருவருமே அதைப் பார்த்தார்கள். ஜெனிட்டா. செலின்தான் எடுத்தாள், ஸ்பீக்கரைப் போட்டாள்.

“ம்மா, லெவல் கிராசிங் தாண்டிட்டோம். ஆட்டோ அண்ணன் வேகமா வந்துட்டாரு. அப்பா மெஷின் ஓடுதா? புள்ளைக்கு இங்கயே கொஞ்சம் மூக்கு அடைக்குது. வந்ததும் அந்த ரூம்ல போட்டுடலாம்.”

செலின் வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது என்பது இன்னாசிக்குத் தெரிந்தது. ஓடுது, வா என்றால் போதும். ஊசியைத் துடைத்து, பெட்டியை மேலே ஏற்றி, தூளிக்கு வேறு துணி கட்டி, குழந்தை அதில் கிடந்து அவர் விரலைப் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கு ஒரு நாள். அடுத்த ஞாயிறு இன்னொரு நாள். அவர் போனைத் தன் பக்கம் இழுத்தார்.

“ஜெனி, புள்ளைய எறக்காதே. மெஷின் சரியில்ல. அது அழுக்கெல்லாம் ஆள் மேலயே கொண்டாந்து அப்புது. வாசனையும் புள்ள நெஞ்சுக்கு ஆவாது. நான் சொன்னது தப்பும்மா. அப்படியே திருப்பிக்கிட்டுப் போயிடு.”

ஆட்டோ இரைச்சல் மட்டும் கேட்டது. குழந்தை ஒரு தரம் இருமியது, சின்னதாக, பூனை தும்முவது போல. “அப்ப நீங்க ரெண்டு பேரும்?” என்றாள் ஜெனிட்டா.

“நாங்க பழகிட்டோம்மா.”

அந்தச் சொல் வெளியே வந்ததும் வாயில் ஒரு ருசி தட்டியது. கருகின கரப்பான்கூட இவ்வளவு குமட்டவில்லை. பழகிட்டோம். இருபது வருஷம் அந்தப் பெண் இருமியபோதும் இதைத்தான் சொல்லியிருப்பார், சிரப்பை மூடியில் அளந்துகொண்டே. துப்பிவிடலாம் போலிருந்தது, துப்ப இடமில்லை.

“யாரு பழகுனது?” என்றாள் செலின். சத்தமாகச் சொல்லவில்லை. போனுக்குக் கிட்டே வந்து குனிந்தாள். “ஜெனி, உங்கப்பாவுக்குப் பழகியிருக்கும். எனக்கு ஒரு நாளும் பழகல. சோத்துல பழகல, தண்ணியில பழகல. வண்டியத் திருப்பச் சொல்லாதே. தெருமுனையில நிறுத்து, ஆட்டோ ஓரத் திரைய இழுத்து மூடிக்கோ. நான் வர்றேன்.” கரண்டியை மேஜைமேல் வைத்தாள். அடுப்படிக்குப் போய் அடுப்பை அணைத்தாள், புடவை முந்தானையில் கையைத் துடைத்தாள், பீரோவைத் திறந்து இரண்டு புடவையும் ஜெபமாலையும் மாத்திரைச் சீட்டும் எடுத்து ஒரு துணிக்கடைப் பையில் திணித்தாள். இவர் சட்டைகள் தொங்கும் பக்கம் கை போனது. அங்கே சற்று நின்றது.

இன்னாசி மணி பார்த்தார். பத்து இருபத்தெட்டு. ரப்பர் பாயில் ஏறி நின்று, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நீளக் குழாயைக் கையில் எடுத்தார்.

“நில்லு செலின்,” என்றார். “சார்ஜ் எறக்காம இதத் திறந்து போட்டுட்டு வரமுடியாது. ரெண்டு நிமிஷம்.”

அவள் அவருடைய சட்டைகள் இரண்டை உருவிப் பையில் போட்டாள்.